அந்தத் துப்பாக்கியை வெட்ட வேண்டாம்

புதுச்சேரிச் சொல்தாக் குடும்பங்களின் படக் கண்காட்சிக்குப் பொறுப்பேற்றிருக்கும் குழுவினருக்கு,

வீடு வீடாக நீங்கள் கொடுத்துவரும் சுற்றறிக்கை எங்கள் கைக்கும் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவில் (வியட்நாமும் அண்டை நாடுகளும்) பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர்ச் சொல்தாக்கள், அதாவது படைவீரர்கள், அங்கே வியட்நாமியக் குழந்தைகளுடன் எடுத்துக்கொண்ட படங்களைக் கேட்டிருக்கிறீர்கள். மூலப் படத்தையே தர வேண்டும் என்கிறீர்கள். அதை லேமினேட் செய்து ஃபோம் பலகையில் ஒட்டுவீர்களாம். பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள் என்பதால் ஆயுதம் தெரியும் பகுதியை வெட்டிவிடுவீர்களாம். எல்லாப் படங்களுக்கும் மேலே ‘எல்லை கடந்த நட்பு’ என்று ஒரே தலைப்பாம். இவற்றில் ஒன்றைக்கூட எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குடும்பங்களிடம் இருக்கும் பழைய படங்களையும் கடிதங்களையும் சுத்தம் செய்து, பிரதி எடுத்து, முன்னும் பின்னும் இருப்பதைப் படித்துச் சொல்வது எங்கள் வேலை. அந்த வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில்தான் எழுதுகிறோம்.

லேமினேஷனை முதலில் பேசிவிடுவோம். மற்ற தவறுகளைப் பிறகு திருத்தலாம், இதைத் திருத்த வழி கிடையாது. 1940களிலும் 50களிலும் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படத்தில் அடியில் தாள், அதன்மேல் பேரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு, அதற்கும் மேலே வெள்ளித் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் ஜெலட்டின் படலம். உருவம் முழுக்க அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கிறது. ஜெலட்டின் விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. சூடும் ஈரமும் பட்டால் இளகும். ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் உருளை 100 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கும். அதற்குள் போன படத்தில் பிளாஸ்டிக்கின் பசை ஜெலட்டினோடு கலந்துவிடும். பிறகு உரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு வரும், வெறும் தாள் கையில் நிற்கும். உரிக்காமல் விட்டால்? நம் கடலோரக் காற்றில் தாள் ஏற்கெனவே ஈரத்தைக் குடித்துத்தான் இருக்கிறது. அந்த ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறோம். ஓரத்தில் மயிரிழை அளவு திறந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் உள்ளே இழுக்கும். பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும் பூஞ்சை படத்தின் நடுப்பகுதிக்குப் போன பிறகு எங்களிடம் கொண்டுவருகிறார்கள். அப்போது நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பிளாஸ்டிக்கின் மேலேயே கேமராவை வைத்து, பளபளப்பு விழாமல், இருப்பதைப் படம் எடுத்துக்கொள்வது.

ஃபோம் பலகையில் ஒட்டுவது இன்னொரு வகையில் மோசம். முன்பக்கம் பிழைக்கலாம், பின்பக்கம் போய்விடும். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது புரட்டிப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அதில் சைகோனா ஹாயிபோங்கா என்று ஊர் பெயர் இருக்கும். பென்சிலில் தேதி இருக்கும். சில படங்களில் மூன்று கை எழுத்து: சொல்தா பிரெஞ்சில் எழுதியது, ஊரில் வாங்கிப் பார்த்தவர் தமிழில் சேர்த்தது, இடையில் வேறு யாரோ வியட்நாமிய எழுத்தில் போட்டது. அந்த மூன்றாவது கை பெரும்பாலும் குழந்தையின் பெயரையோ கிராமத்தின் பெயரையோ எழுதியிருக்கும். எழுத்துகளுக்கு மேலும் கீழும் உள்ள குறிகளை ஒன்று விடாமல் அப்படியே படியெடுக்க வேண்டும். குறி விட்டுப்போனால் அந்தக் கிராமத்தை எந்த வரைபடத்திலும் தேடிப் பிடிக்க முடியாது.

படத்தோடு கடித உறையும் இருந்தால் பிரிக்காதீர்கள். தபால்தலை இருக்க வேண்டிய மூலையில் ‘எஃப்.எம்.’ என்று எழுதியிருந்தால் அது படைவீரருக்கான கட்டணமில்லாத் தபால். முத்திரையில் ‘டி.ஓ.இ.’ என்று இருந்தால் வெளிநாட்டுப் போர்முனையின் படைத் தபால். ‘எஸ்.பி.’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண், படைப்பிரிவைக் குறிப்பது. ஊர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே எண் போட்டார்கள். இது தெரியாமல் எல்லா உறையிலும் ‘சைகோனிலிருந்து’ என்று எழுதி வைக்கிறார்கள். படத்திலிருந்து உறை பிரிந்துவிட்டால் எந்தப் படம் எந்த ஆண்டில் வந்தது என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

இனி துப்பாக்கி. ஆயுதத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம் என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் படத்திலேயே ஒரு குழந்தை ஆயுதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது, வெளியூருக்குப் போன மாமா தெருப் பிள்ளையோடு எடுத்துக்கொண்ட படம். நடந்தது அது இல்லை. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் வியட்நாம் தன் விடுதலையை அறிவித்துவிட்டது. அதே மாதத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைத் திரும்பப் பிடித்தார்கள். 1946 டிசம்பரில் முழுப் போர் மூண்டது. அதன்பின் அங்கே சீருடையில் நின்ற ஒவ்வொருவரும், அவர் முத்தியால்பேட்டையிலிருந்து போயிருந்தாலும் வில்லியனூரிலிருந்து போயிருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு ஆக்கிரமிப்புப் படையின் ஆள். அவரே ஒரு காலனியிலிருந்து போனவர் என்பது பிள்ளைக்குத் தெரிய நியாயமில்லை. 1954 ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்தம் முடிவாயிற்று; அக்டோபர் 18 அன்று இந்தியாவோடு இணைவது பற்றிக் கீழூரில் வாக்கெடுப்பு; நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு மாறியது. அங்கே ஆக்கிரமித்த படையில் இருந்தவரின் சொந்த ஊர் சில மாதங்களில் இங்கே விடுபடுகிறது. இத்தனையும் அந்த ஒரு படத்துக்குள் இருக்கிறது. அதைக் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தத் துப்பாக்கி.

தொழில்முறையிலும் சொல்கிறோம், படத்துக்குத் தேதி குறிக்கத் துப்பாக்கியைவிட நல்ல கருவி கிடைப்பது அரிது. மாஸ்-36 என்ற பிரெஞ்சு ரைபிள் இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது, அது இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்தது. மாட்-49 என்ற குட்டை இயந்திரத் துப்பாக்கி இருந்தால் படம் 1949க்கு முந்தியதாக இருக்க முடியாது. அமெரிக்க கார்பைன் என்ற குட்டை ரைபிள் இருந்தால் பெரும்பாலும் 1950க்குப் பிறகு, ஏனென்றால் அமெரிக்க உதவி அந்த ஆண்டில்தான் தொடங்கியது. தொப்பியிலோ காலரிலோ நங்கூரம் இருந்தால் காலனியப் படைப்பிரிவு. சிலர் பிறகு அல்ஜீரியப் போருக்கும் போனார்கள். அந்தப் படங்கள் இவற்றோடு கலந்தே பெட்டியில் கிடக்கும். சீருடையையும் ஆயுதத்தையும் வெட்டிவிட்டு வெறும் முகங்களை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிப்பது கடினம்.

படத்தின் ஓரங்களையும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான படங்கள் 6க்கு 9 சென்டிமீட்டர், நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்டவை. நடுவில் ஆளும் பிள்ளையும் இருப்பார்கள். ஓரத்தில் முள்கம்பி, மூங்கில் வேலி, காவல் கோபுரத்தின் கால், கொடியில் காயும் சட்டை. பிள்ளை முள்கம்பிக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். உள்ளே நிற்கும் பிள்ளை அங்கே தினமும் வந்துபோகும் பிள்ளையாக இருக்கலாம். வெளியே நின்றால், ரோந்து போன வழியில் நிறுத்தி எடுத்ததாக இருக்கலாம். துப்பாக்கி தோளில் தொங்குகிறதா, கையில் இருக்கிறதா, பிள்ளையின் கையில் விளையாட்டுக்குக் கொடுத்திருக்கிறதா, மூன்றுக்கும் பொருள் வேறு.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். எங்களுக்கு இருக்கும் பெரிய மனத்தாங்கல் இதில்தான். சொல்தாவும் பிள்ளையும் சேர்ந்து நின்றால் நட்பு என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

ஒரே மாதிரி தெரியும் படங்களுக்குள் என்னென்ன இருக்கும் என்று சொல்கிறோம். முதலாவது, அந்தப் பிள்ளை சொல்தாவின் சொந்த மகளாகவே இருக்கலாம். வியட்நாமியப் பெண்ணை மணந்து குடும்பத்தோடு திரும்பியவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அந்த வீடுகளில் இன்றைக்கும் சாயோ என்ற வியட்நாமியப் பலகாரம் சுடுகிறார்கள். நீங்கள் ‘பெயர் தெரியாத வியட்நாமியச் சிறுமி’ என்று எழுதப்போகும் பிள்ளை, இரண்டு தெரு தள்ளிப் பாட்டியாக உட்கார்ந்திருக்கக்கூடும். கேட்டுவிட்டு எழுதுங்கள். இரண்டாவது, முகாமில் துணி துவைத்து, பூட்ஸ் துடைத்து, தண்ணீர் சுமந்த பிள்ளை. பிரெஞ்சுப் படையில் வேலைக்காரப் பையனை ‘பாய்’ என்றே கூப்பிட்டார்கள், பெயர் கேட்டவர்கள் குறைவு. மூன்றாவது, பால் டின்னுக்கும் பிஸ்கட்டுக்கும் வந்த பிள்ளை. 1945இல் வடக்கு வியட்நாமில் பல லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அதற்கடுத்த ஆண்டுகளில் ஒரு டின் பாலை நீட்டியவர் முன்னால் சிரித்து நின்ற பிள்ளையின் சிரிப்பை நட்பு என்று மட்டும் படிக்க முடியுமா? நான்காவது, பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் போரிட்ட வியட் மின் இயக்கம் தன் தகவல்களைக் கொண்டுபோகச் சிறுவர்களையும் பயன்படுத்தியது. முகாமைச் சுற்றி வந்த எல்லாப் பிள்ளையும் சொல்தாவைப் பார்க்க வந்தது என்று சொல்லிவிட முடியாது.

உண்மையான நட்பே கிடையாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. உண்டு. அப்படிப்பட்ட படம் கைக்கு வரும்போது வேறுபாடு தெரிகிறது, ஆனால் அது படத்தில் தெரிவதைவிடக் கூட இருக்கும் தாள்களில்தான் அதிகம் தெரியும். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் பிள்ளையின் பெயர் ஒரு முறை வந்தால் அது செய்தி. அடுத்த கடிதத்திலும், வேறு முகாமுக்கு மாறிய பிறகும் அதே பெயர் வந்தால் கவனிக்க வேண்டும். பிள்ளை வரைந்த படமோ, பாடப் புத்தகத்தாளோ லிவ்ரே என்ற படைவீரர் பதிவுப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தால் கவனிக்க வேண்டும். ஒரே பிள்ளை இரண்டு படத்தில் வெவ்வேறு உயரத்தில் நின்றால், இடையில் எவ்வளவு காலம் போனது என்று பார்க்க வேண்டும். இப்படிச் சான்று உள்ள படத்துக்கு நட்பு என்று தலைப்பு வையுங்கள், நாங்களே முதலில் கைதட்டுவோம். எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டால், சான்றுள்ள அந்த நட்புக்குத்தான் மதிப்புக் குறைகிறது.

குடும்பத்தாரிடம் எப்படிக் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். போன சொல்தாக்களில் இன்று இருப்பவர்கள் மிகச் சிலர். 1950இல் 20 வயது என்றால் இன்று 95 தாண்டியிருக்கும். ஆகவே நீங்கள் பேசப்போவது மகன், மகள், பேரப்பிள்ளைகளிடம். ‘அப்பாவும் அந்தக் குழந்தையும் நல்ல சிநேகிதமா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? கேட்க வேண்டியவை வேறு. அந்தப் பிள்ளையை அப்பா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்? என்ன மொழியில் பேசிக்கொண்டார்கள்? பிள்ளை முகாமுக்கு வந்ததா, இவர் அவர்கள் வீட்டுக்குப் போனாரா? போகும்போது துப்பாக்கியை எங்கே வைத்தார்? அவர் கொடுத்தது என்ன, அங்கே சாப்பிட்டது என்ன? பிள்ளையின் அம்மா பற்றிப் பேச்சு வந்ததுண்டா? ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று என்ன ஆயிற்று? அப்பா வாயால் சொன்னதையும் வீட்டில் பிறகு ஊகித்ததையும் தனித்தனியாகக் குறியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு முழ தூரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் குறுக்கே பேசாதீர்கள். பிறகு கேட்கும்போது அந்த ஒரு சொல்தான் எப்போதும் கேட்காமல் போகிறது.

மறந்துபோன ஒன்று. கிராமம் எரிந்தது, ஆட்களை இழுத்துப்போனது பற்றி எழுதியிருக்கும் கடிதங்களை ‘கண்காட்சிக்குப் பொருந்தாதவை’ என்று உங்கள் ஆட்கள் திருப்பித் தந்திருக்கிறார்கள். பிள்ளையோடு சிரிக்கும் படமும் அந்தக் கடிதமும் ஒரே உறையில் வந்திருந்தால், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. நம் மண்ணும் இதே பாட்டைப் பட்டதுதான். 1758இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள்; 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அன்றைக்கு நம் தெருக்களில் நின்ற சிப்பாயோடு சிரித்த பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். நூறாண்டு கழித்து அதை மட்டும் ஒரு வெள்ளைக்காரர் கண்காட்சி வைத்தால் நாம் என்ன சொல்வோம்?

மூலப் படத்தை வாங்காமலே கண்காட்சி நடத்தலாம். குடும்பத்தின் வீட்டிலேயே, அவர்கள் கண்முன்னே ஸ்கேன் செய்யுங்கள். ஏ4 தட்டை ஸ்கேனர் போதும். கண்ணாடியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். படத்தின்மேல் ஸ்பிரிட், தண்ணீர் எதுவும் படக் கூடாது. மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தள்ளினால் போதும். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், பழுப்பேறிய இடமும் மையின் நிறமும் அப்போதுதான் தெரியும். 6க்கு 9 சென்டிமீட்டர் படத்தை 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியாக, எடுத்தால் ஏறக்குறைய 2,835க்கு 4,250 புள்ளிகள் கிடைக்கும். சுமார் ஓரடி அகலத்துக்குத் தெளிவாக அச்சிட அது தாராளம். நான்கு பக்கமும் அரை சென்டிமீட்டர் வெற்றிடம் விட்டு, வெட்டாமல், முன்னும் பின்னும் எடுங்கள். தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக் செய்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் குடும்ப எண், பட எண், முன் அல்லது பின் என்று மூன்றும் இருக்கட்டும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி மேட்டுப்பாங்கான ஊரில் இருக்கட்டும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2024 நவம்பரில் ‘ஃபெஞ்சல்’ புயல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய ஆல்பத்தில் படம் சிக்கியிருந்தால் நகத்தால் கிளப்பாதீர்கள். மெழுகு பூசாத பல் நூலை அடியில் விட்டு மெல்ல இழுக்கலாம். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்கவே கூடாது. மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய படங்கள் காய்வதற்குள் கைவைக்க வேண்டும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தானாகப் பிரியும். முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். அன்றே முடியாவிட்டால் இடையில் பட்டர் பேப்பர் வைத்து பாலிதீன் பையில் ஃப்ரீசரில் வைக்கலாம். பின்பக்கத்தில் பேனா மையால் எழுதியிருந்தால் தண்ணீரில் போடும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மை கரைந்துவிடும். மையெழுத்துக் கடிதங்களைத் தண்ணீரில் போடவே வேண்டாம். நெகட்டிவ் சுருளில் காடி வாசனை வந்தால் படச்சுருள் சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் மூடி வைக்காதீர்கள்.

உங்களிடம் நாங்கள் கேட்பவை இவை. சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, மூலப் படங்கள் குடும்பத்தாரிடமே இருக்கும் என்று எழுத்தில் அறிவியுங்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை லேமினேஷனுக்கு அனுப்பாமல், யாரிடமிருந்து எத்தனை படம், எத்தனை கடிதம் என்ற ரசீதோடு அதே உறையில் திருப்பிக் கொடுங்கள். சுவரில் வைப்பது பிரதியாக இருக்கட்டும், வெட்டாத முழுப் படமாக, பின்பக்கத்தின் பிரதியோடு. பொதுத் தலைப்பை எடுத்துவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் தனிக் குறிப்பு எழுதுங்கள். அது இப்படி இருக்கலாம்: ‘காலனியப் படைப்பிரிவுச் சொல்தாவும் சுமார் 7 வயதுச் சிறுமியும். துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் 1949க்கு முந்தியதல்ல. இடம் தெரியவில்லை. சிறுமியின் பெயர் எழுதப்படவில்லை. சிறுமி முகாமில் தண்ணீர் கொண்டுவந்து தந்ததாக அப்பா சொன்னார் என்கிறார் மகன்.’ திருப்பி அனுப்பிய கடிதங்களை மீண்டும் கேட்டு வாங்கிப் பிரதி எடுங்கள். குறிப்புகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருப்பது போதாது, வியட்நாமிய மொழியிலும் வேண்டும். நம் ஊரிலேயே அந்த மொழி தெரிந்த மூத்த பெண்களைக் குறிப்புக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், போக்குவரத்துச் செலவும் சம்பளமும் கொடுத்து. படத்தில் உள்ள பிள்ளைகளுக்கு இன்று 80 வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும், உயிரோடு இருக்கலாம்; ஆக்கிரமித்த படையின் ஆளோடு பழகியவர் என்ற பேச்சு அவர்கள் ஊரில் அவர்களுக்குத் தீங்காக முடியவும் கூடும். ஆகவே முழுப் பெயரையும் கிராமத்தையும் குடும்பத்தின் அல்லது அவர்களின் ஒப்புதல் இல்லாமல் இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

இதற்கான பதிலை அச்சுக்கு எதுவும் போகும் முன் சம்பந்தப்பட்ட குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். ஸ்கேன் செய்யவும் கையெழுத்துப் படிக்கவும் ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் ஸ்கேனரோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் பகுதிகளில் குடும்ப ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருப்போர்